முதல் வாய்

ஒரு செல் என்னென்ன புரதங்களை உண்டாக்குகிறது என்று கேட்டால் கல்லூரிப் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். உண்டாக்கியதை எப்போது கழித்துக் கட்டுகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது கேள்வியோடுதான் ஆயுசில் பாதி போயிற்று. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் உடைந்துபோகிற புரதத்தின் பின்னால் அலைகிறவள் என்று என் தங்கை கேலி செய்வாள். செய்யட்டும். அவள் வீட்டுக்காரரை நான் பார்த்திருக்கிறேன், என் புரதங்களே தேவலை.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையைப் பார்த்தபடி எங்கள் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் மூன்றாம் மாடியில்தான் என் மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். கல்லீரலில் புற்று வந்து, மற்ற எல்லா மருந்தும் கைவிட்ட எட்டுப் பேர். மருந்துக்கு விஞ்ஞானிகள் குழு வைத்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். வார்டில் எல்லாரும் அதை ஸ்டிக்கர் மருந்து என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தவர் ஐந்தாம் படுக்கை கோகிலவாணி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குத் தலைமையாக இருந்தவர் அவர். மெஷின்கள் ஆளில்லாமல் தாமே தைக்கத் தொடங்கிவிட்ட காலத்திலும், தைத்த பீஸைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்ல மனிதக் கண் வேண்டியிருந்தது. அறுபது வயதிலும் வேலையை விடாமல் இருந்தவர், மஞ்சள் காமாலை என்று படுத்த பிறகுதான் விட்டார். மருந்துக்குச் சம்மதம் கேட்கப் போன அன்று, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அது என்ன செய்யும் என்று தெரிய வேண்டும் என்றார். செல்லுக்குள் வேண்டாத புரதத்தின்மேல் ஒரு சின்ன அடையாளம் ஒட்டப்படும், அடையாளம் ஒட்டியதை நொறுக்கித் தள்ள ஒரு எந்திரம் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"செக்கிங் டேபிள் மாதிரிதானுங்களே? ஸ்டிக்கர் ஒட்டுன பீசு வேஸ்ட்டுக்குப் போயிரும். ஒட்டாதது பேக்கிங்குக்குப் போகும்."

அதேதான் என்றேன். செல் இரண்டாகப் பிரிய வேண்டிய நேரத்தில் ஒரு புரதம் கூடிக்கொண்டே போகும். பிரிந்து முடித்ததும் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி நொறுக்கிவிட வேண்டும். நொறுக்கினால்தான் செல்லுக்கு, போதும், வேலை முடிந்தது என்று தெரியும். அவர் கல்லீரலில் இருக்கும் கெட்ட செல்களில் அந்தப் புரதத்துக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அதனால் அவை பிரிந்துகொண்டே இருக்கின்றன.

"ஒட்டற ஆளே இல்லீங்களா?"

"ஆள் இருக்குங்க. வேற வேலைல இருக்கு."

அந்த வேற வேலைதான் என் மருந்தின் சூட்சுமம். ராத்திரி வயிறு காலியாக இருக்கும்போது கல்லீரல் தானே சர்க்கரை தயாரித்து உடம்புக்கு அனுப்பும். அதற்கென்று சில புரதங்களை வைத்திருக்கும். காலையில் முதல் வாய் உணவு உள்ளே போனதும் அந்தப் புரதங்கள் தேவையில்லை. இருந்தால் ஒரு பக்கம் சர்க்கரை தயாரிப்பதும் மறுபக்கம் எரிப்பதுமாக வீண் வேலை நடக்கும். ஆகவே ஸ்டிக்கர் ஒட்டும் கூட்டம் ஒன்று விழித்தெழுந்து, அவற்றின்மேல் ஒட்டித் தள்ளி, கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். கலைந்தால் மறுபடி ஒரு ராத்திரி பட்டினி கிடந்த பிறகுதான் எழும். நான் வடிவமைத்த புற்றில் அந்தக் கூட்டத்துக்கு இந்தச் சர்க்கரை வேலை கிடையாது, ஆனால் கூட்டம் மட்டும் அங்கேயும் உண்டு. விழித்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அதன் கையைப் பிடித்து, இதோ இங்கேயும் ஒட்டு என்று பிரிவுப் புரதத்தின் பக்கம் கூட்டிப்போவதுதான் என் மருந்து. எனவே ராத்திரி முழுக்கப் பட்டினி. காலை எட்டு மணிக்கு மருந்து ஏற ஏற ஒரு தம்ளர் கஞ்சி. அதற்கு முன்னால் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது.

என்ன எழுதினேன் பாருங்கள், நான் வடிவமைத்த புற்று என்று. வடிவமைத்தது மருந்தை மட்டும்தான். புற்றை வடிவமைத்தவன் யாரென்று தெரிந்தால் அவனிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

கோகிலவாணியின் வீட்டுக்காரர் மோகனசுந்தரம். மினி பஸ் ஓட்டியவர். பஸ்கள் தாமே ஓடத் தொடங்கியதும் வீட்டோடு இருந்துவிட்டார். மனைவிக்குத் துணையாக வந்தவர் கீழே உறவினர் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். வெந்நீர் கொண்டுவருவார், கால் பிடித்துவிடுவார், நான் வந்தால் எழுந்து சுவரோரம் நின்றுகொள்வார். மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, என் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். நான் அன்றைக்கு வேறு எரிச்சலில் இருந்தேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, பிளட் குரூப் வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு பேருக்கு மருந்து கேட்டது. சிலருக்கு நன்றாக, சிலருக்கு அரைகுறையாக, ஆனாலும் கேட்டது. கோகிலவாணிக்கு மட்டும் கேட்கவில்லை. ஸ்கேனில் கட்டி கல்லு மாதிரி அப்படியே இருந்தது. அடுத்த ஸ்கேனிலும் அசையவில்லை என்றால் அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது சோதனையைக் கண்காணிக்கும் குழுவின் விதி. நீக்கினால் வேறு மருந்து கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மோகனசுந்தரத்துக்குத் தெரியும் என்பதை அவர் தேய்த்துத் தேய்த்துத் துடைத்த வெந்நீர் பிளாஸ்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாருடைய தோளிலும் ஒரு பட்டை ஒட்டியிருப்போம். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அது காட்டிக்கொண்டே இருக்கும். கோகிலவாணியின் பட்டையில் மட்டும் தினமும் விடியற்காலையில் ஒரு சின்ன ஏற்றம். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மோகனசுந்தரத்தைக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். வார்டு சிஸ்டர் ரெஜினா, ஐந்தாம் படுக்கைப் பக்கம் ஒரு பிஸ்கட் கூடப் போகவில்லை என்று தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். பட்டை பழுது என்று மாற்றினேன். புதுப்பட்டையும் அதையே காட்டியது. அப்புறம் கல்லீரலே விடியற்காலையில் தானாகச் சர்க்கரையை விடுகிறதோ என்று யோசித்தேன். பெங்களூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அதற்கு அழகான ஒரு விளக்கமும் சொன்னார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அதை ஒரு கட்டுரையாகவே எழுதியிருப்போம். மெத்தப் படித்துவிட்டால் எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

எதற்கும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

மோகனசுந்தரம் வந்தார். தலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கரட்டுக் குன்றின்மேல் ஒரு முருகன் கோயில் உண்டு, அங்கிருந்து வருகிறார் என்று நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது. கோகிலவாணி எழுந்து உட்கார்ந்தார். அவர் விபூதியை எடுத்து மனைவியின் நெற்றியில் இட்டு, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதினார். பிறகு ஒரு வாழையிலைத் துண்டைப் பிரித்து, அதிலிருந்து எடுத்து அவர் வாயில் வைத்தார். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். மோகனசுந்தரம் இலையை மேசைமேல் வைத்துவிட்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கக் கதவு வழியாக வெந்நீருக்குப் போனார்.

நான் உள்ளே போனேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். என்னம்மா சாப்பிட்டீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டேன். ஒன்றும் சாப்பிடவில்லையே என்றார். பொய் சொல்கிறவர் முகம் அல்ல அது. நான் இலையைக் காட்டினேன்.

"அது பிரசாதமுங்க," என்றார்.

பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு. நான் தினமும் கேட்டது சாப்பிட்டீர்களா என்று. அவர்கள் தினமும் சொன்னது உண்மை. பிரசாதத்தை யாரும் சாப்பிடுவதில்லை, வாங்கிக்கொள்கிறார்கள். சஷ்டிக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிற என் அம்மாவும் கோயிலில் கொடுத்தால் வாயில் போட்டுக்கொள்வாள், விரதம் கலைந்தது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. கேள்வியே தப்பு.

உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப ஒட்டற ஆளுக எல்லாம் விடியறதுக்குள்ளயே வேலைய முடிச்சுப்போட்டுப் போயிர்றாங்க," என்றார். "எட்டு மணிக்கு மருந்து வர்றப்ப டேபிள்ல ஆளில்ல."

ஆமாம் என்றேன். இப்போதே உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போகிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்தி நீலம் பாய்ந்த கை, ஆனாலும் பிடி பலமாக இருந்தது.

"டாக்டரம்மா, அவரு தெனமும் அர்ச்சனை பண்றது என்ற பேருக்கு இல்லீங்க. உங்க பேருக்குங்க."

எனக்கு விளங்கவில்லை.

"டாக்டரம்மா நல்லா இருந்தாத்தான் நீ நல்லா இருப்பேம்பாரு. ரெஜினா சிஸ்டர்கிட்ட உங்க பொறந்த தேதிய வாங்கி, அய்யருகிட்டக் குடுத்து நட்சத்திரம் பாத்துட்டாருங்க. கருணாம்பிகை, உத்திராடம். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுங்க."

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கோயில் வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது. எனக்காக ஒருத்தர் தினமும் ஈரத் தலையோடு ஒரு கரடு ஏறியிருக்கிறார், அவரிடம் நான் பிளட் குரூப் பேசியிருக்கிறேன். கண் கலங்கியது. மறைக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. என் நலத்துக்கு வேண்டிக்கொண்டதுதான் என் மருந்தைக் கெடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பும் வந்தது. அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. என்னயக் காப்பாத்தறதா நெனச்சுட்டு, தெனமும் தன்ற கையாலயே கெடுத்துட்டு இருந்தோம்னு தெரிஞ்சா, நான் பொழச்சாலும் அவரு பொழைக்க மாட்டாருங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், எப்படி என்ற கேள்வி வந்தது. குழுவிடம் மறைக்க முடியாது. மற்ற ஏழு பேரில் யார் யார் என்னென்ன வாங்கிக்கொள்கிறார்களோ, அவர்களிடமும் சொல்லியாக வேண்டும். சொன்னால் மோகனசுந்தரமும் கேட்பார். பஞ்சாமிர்தத்தை நிறுத்துங்கள் என்று அவரிடம் மட்டும் சொன்னால், ஏன் என்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் போதும். மினி பஸ் ஓட்டியவர் முட்டாள் இல்லை.

அன்று முழுக்க அதே நினைவாக இருந்தேன். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் பொறி தட்டியது. மருந்துக்கு மணியும் தெரியாது, கஞ்சியும் தெரியாது. அதற்கு வேண்டியது முதல் வாய் ஒன்றுதான். பஞ்சாமிர்தம் எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? மருந்து விடியற்காலைக்கு வரட்டும்.

குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நோயாளி விதியை மீறவில்லை, நாங்கள் கேட்ட விதம் தவறு என்றேன். சென்னையிலிருந்து திரையில் வந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்குப் பெரிய கவலை. மருந்தோடு பஞ்சாமிர்தம் என்றால், நம் முன்னோர் அன்றைக்கே கண்டுபிடித்தார்கள் என்று ஊரெல்லாம் கிளம்பிவிடுவார்களே என்றார். அது வெறும் சர்க்கரை, ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தாலும் இதே வேலையைச் செய்யும், கிளம்புகிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். அனுமதி கிடைத்தது.

மறுநாள் எல்லா நோயாளிகளின் வீட்டாரையும் கீழே கூடத்துக்கு வரச் சொன்னேன். இனி மருந்தை விடியற்காலைக்கு மாற்றுகிறோம், அதுதான் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்றேன். முதல் வாயாக அவரவர் வழக்கப்படி பிரசாதமோ கற்கண்டோ எது வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் நாக்கில் எதுவும் படக் கூடாது என்றேன். உடனே கேள்விகள் வந்தன. துளசித் தீர்த்தம் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சர்ச்சில் கொடுக்கும் அப்பம் சின்னதுதானே என்றார் ஒரு அம்மா. ஓதி ஊதிய கற்கண்டை மாமனார் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார் என்று ஒரு மருமகள் போட்டுக் கொடுத்தாள். மருந்து அரைகுறையாகக் கேட்டவர்களுக்கு ஏன் அரைகுறை என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று.

மோகனசுந்தரம் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, அப்படியானால் தான் எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சரிங்க என்று போனார். நான் எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் இலையோடு படுக்கை அருகில் நிற்பார். ரெஜினா சிஸ்டர் மருந்தைத் திறந்துவிட்டுத் தலையசைப்பார். உடனே அவர் மனைவியின் வாயில் பஞ்சாமிர்தத்தை வைப்பார். பட்டையில் சர்க்கரை ஏறும். ஸ்டிக்கர் ஒட்டும் கூட்டம் விழிக்கும். இந்தத் தடவை டேபிளுக்கு மருந்தும் வந்திருக்கும். நான் சில நாள் போய் நின்று பார்த்தேன். ஆராய்ச்சிக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் அளந்து காட்டுகிற அளவுக்கு. கோகிலவாணி படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் பார்த்தார். தேறும் என்றார். மோகனசுந்தரம் என் காலில் விழப் போனார். நான் இரண்டடி பின்னால் குதித்ததில் மருந்துத் தட்டு கீழே விழுந்தது. ரெஜினா சிஸ்டர் என்னைத்தான் திட்டினார்.

பிறகு அவர்கள் திருப்பூர் போனார்கள். சோதனைக்கு மட்டும் வந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டி இன்னும் சிறிதாகியிருந்தது. மருந்து வேறு ஊர்களுக்கும் போயிற்று. இப்போது நோயாளியிடம், எதுவும் சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரியிலிருந்து நாக்கில் எது பட்டது என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் அந்த இரண்டு பேருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அதனால் பிழைத்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் இவர்களைத் தெரியாது.

போன மாதம் வந்தார்கள். கோகிலவாணி ஸ்கேன் அறைக்குள் போன பிறகு, மோகனசுந்தரம் என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். எப்போதும் மறுப்பவர், அன்றைக்கு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. மருந்து நேரத்த மாத்துனீங்களே. அதுக்கு முன்னாடி நான் குடுத்த நாளெல்லாம் சேத்து, அவளுக்கு ஆயுசுல எவ்வளவு கொறஞ்சிருக்குமுங்க?"

எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அன்றைக்குக் கூடத்தில் நான் சொல்லும்போதே தெரிந்துவிட்டது என்றார். நாக்கில் எதுவும் படக் கூடாது என்று சொல்லும்போது நான் எல்லாரையும் பார்த்தேனாம், அவரை மட்டும் பார்க்கவில்லையாம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரியைச் சொல்லும்போது மட்டும் கண் தானாக விலகியிருக்கிறது போல.

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்துக்குப் பொய் தாங்காது.

"தெரியலைங்க," என்றேன். "கொறஞ்சிருக்கலாம். கொறையாமயும் இருந்திருக்கலாம். அத அளக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

அவர் தலையை ஆட்டினார். தன் கையைப் பார்த்தார். பிறகு, தான் ஒரு நன்றி சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். அன்றைக்கே தன்னைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டி, இனிமேல் அவள் பக்கமே வராதே என்று விரட்டியிருக்கலாம், அப்படிச் செய்யாமல் அதே கையாலேயே கொடுக்க வைத்தீர்களே, அதை ஏழு ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன் என்றார். அதற்கு நான் காரணமில்லை, உங்கள் மனைவிதான் காரணம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இன்னொண்ணுங்க," என்றார். "கோகிலாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சா, இவரு இத்தன நாளா மனசுக்குள்ளயே வெச்சு வெந்துட்டு இருந்திருக்காரேன்னு அவ உருகிப்போயிருவா. தயவுபண்ணி அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

கதவு திறந்தது. கோகிலவாணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, அப்படி என்ன பேச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார் அவர். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் ஒரு கேள்வி இருந்தது. நானும் ஒன்றுமில்லை என்றேன். மோகனசுந்தரம் எழுந்து தன் நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு, பின்னால் நின்றுகொண்டார்.

என் மேசைத் திரையில் படம் வந்துவிட்டது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். கல்லீரல் சுத்தமாக இருந்தது. அதை மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன்.